கைப்பிடி ஆடும் பிஸ்டல்: இறுக்குவதா, ஒட்டுவதா, மலையிறங்குவதா?

ஆடி மழையில் கல் மாதிரி இருந்த கைப்பிடி, மாசி வெயிலில் எடுத்துப் பிடித்தால் லொடலொடவென்று ஆடும். மரக் கைப்பிடி போட்ட .32 காலிபர் பிஸ்டலை நீலகிரி, கொடைக்கானல் மலையில் வைத்திருப்பவர்களுக்கு இது புதிதில்லை. வீட்டில் கிடக்கும் டெஸ்டரை எடுத்து ஸ்க்ரூவை ஒரு முறுக்கு முறுக்குவார்கள், நின்றுவிடும். அடுத்த வருடம் மறுபடி ஆடும். மூன்றாவது முறை பொறுமை போய் ஃபெவிக்விக் ஊற்றுவார்கள். செலவு அங்கேதான் ஆரம்பிக்கிறது.

இந்தக் கட்டுரை அந்த ஒரு கோளாற்றைப் பற்றியது: செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலின் கைப்பிடிப் பலகையும் அதைப் பிடித்திருக்கும் ஸ்க்ரூவும் தளர்ந்துபோவது. இறுக்குவது, ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையம் போடுவது, ஸ்க்ரூ கழலாமல் பிடிக்கும் த்ரெட்லாக்கர் பசை விடுவது, பலகையை மாற்றுவது, லைசென்ஸ் உள்ள ரிப்பேர்க்காரரிடம் கொடுப்பது என்று வழிகள் பல. எது சரி என்பது எது தளர்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்தது. ஆடுவது ஸ்க்ரூவா, மரமா, ஸ்க்ரூ ஏறும் மரையா என்று தெரியாமல் கையிலெடுக்கும் எந்த மருந்தும் அடுத்த வேலையைக் கெடுக்கும். குறி பார்க்கும் பின்சைட் ஆடுவதைப் பற்றியும் கடைசியில் கொஞ்சம் இருக்கிறது. பலரும் அதற்கும் இதே பசையைத்தான் தேடுகிறார்கள், ஆனால் அது வேறு வேலை.

பிஸ்டலைக் காலி செய்வதில் வரிசை முக்கியம். முதலில் தோட்டா அடுக்கும் மேகசினைக் கழற்றி வெளியே வைக்க வேண்டும், பிறகுதான் மேலே முன்பின் ஓடும் ஸ்லைடை இழுக்க வேண்டும். மாற்றிச் செய்தால், பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் சேம்பரில் இருந்த தோட்டா வெளியே விழும், மேகசினில் இருக்கும் அடுத்த தோட்டா உள்ளே ஏறிக்கொள்ளும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரை வெளிச்சத்தில் கண்ணால் பார்த்து, சுண்டுவிரலாலும் தொட்டுப் பாருங்கள். பழைய .32 பிஸ்டல்கள் பலவற்றில் மேகசின் இல்லாமலும் டிரிகர் வேலை செய்யும். தோட்டாக்கள் வேறு அறையில் இருக்கட்டும்.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1959 ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, துப்பாக்கி செய்வதற்கும் விற்பதற்கும் மட்டுமல்ல, ரிப்பேர் பார்ப்பதற்கும் தனி லைசென்ஸ் கேட்கிறது. உங்களிடம் இருப்பது வைத்துக்கொள்வதற்கான லைசென்ஸ். எனவே மேட்டுப்பாளையத்திலோ வத்தலக்குண்டிலோ தெரிந்த லேத் பட்டறையில் கொடுத்து மரை வெட்டிக்கொள்வது அவருக்கும் ஆபத்து, உங்களுக்கும் ஆபத்து. 2019 திருத்தத்துக்குப் பிறகு அந்தப் பிரிவை மீறுவதற்குக் குறைந்தபட்சத் தண்டனையே 7 வருடம். நாங்கள் வகுத்துக்கொள்ளும் எல்லை இது: துடைப்பது, எண்ணெய் விடுவது, கைப்பிடி ஸ்க்ரூவைக் கழற்றி மாட்டுவது உரிமையாளர் கையோடு முடியலாம். ஃப்ரேம் (பிஸ்டலின் உடல்), ஸ்லைடு, பேரல், டிரிகர் சம்பந்தப்பட்ட எதையும் வெட்டுவதோ தட்டுவதோ லைசென்ஸ் உள்ளவர் வேலை.

கோடு போட்டுக் கண்டுபிடிப்பது

வெள்ளை பெயின்ட் மார்க்கரால் ஸ்க்ரூ தலையிலிருந்து பலகை மேல் வரை மெல்லிய ஒரு கோடு இழுங்கள். பலகையின் மேல் கோடு வேண்டாமென்றால் காகித டேப் ஒட்டி அதன்மேல் இழுக்கலாம். ஒரு மாதம் கழித்தோ, ஷூட்டிங் கிளப்பில் 50 ரவுண்டு சுட்ட பிறகோ அந்தக் கோட்டைப் பாருங்கள்.

கோடு முறிந்து ஸ்க்ரூ இடப்பக்கம் திரும்பியிருந்தால், ஸ்க்ரூ தானாகக் கழன்று வருகிறது. அதிர்வுதான் காரணம். கோடு நேராகவே இருந்து பலகை ஆடினால், ஸ்க்ரூ அசையவில்லை, மரம் சுருங்கியிருக்கிறது. ஸ்க்ரூவை இறுக்கும்போது முடிவே இல்லாமல் சுற்றினால் மரை தேய்ந்துவிட்டது, அல்லது ஸ்க்ரூ ஏறும் சிறு குழலான புஷ் ஃப்ரேமில் கழன்றுவிட்டது. இன்னொன்றும் உண்டு, அதைப் பலர் தவறவிடுவார்கள்: ஸ்க்ரூ கெட்டியாக நின்றுவிடும், மேலே திரும்பாது, ஆனால் பலகை ஆடும். யாரோ எப்போதோ தொலைந்த ஸ்க்ரூவுக்குப் பதிலாக நீளமான ஒன்றைப் போட்டிருப்பார்கள். பலகையை அழுத்துவதற்கு முன்பே அதன் முனை அடியில் முட்டிக்கொள்ளும். இந்த நீள ஸ்க்ரூ சில பிஸ்டல்களில் மேகசின் இறங்கும் குழிக்குள் நீட்டிக்கொண்டு மேகசினைக் கீறும், சமயத்தில் மேகசின் தானாக விழாமல் பிடித்துக்கொள்ளும். மேகசின் பக்கவாட்டில் ஒரே இடத்தில் பளபளவென்று கீறல் இருந்தால் முதலில் ஸ்க்ரூ நீளத்தைச் சந்தேகியுங்கள்.

மலையில் அதிகம் எதிர்பார்க்க வேண்டியது இரண்டாவது வகை, மரம் சுருங்குவது. காற்றில் ஈரம் 90 சதவீதத்தை ஒட்டி நின்றால் மரத்துக்குள் ஈரம் ஏறத்தாழ 20 சதவீதத்துக்குப் போகும். காற்று 65 சதவீதத்துக்கு வந்தால் மரம் 12 சதவீதத்துக்கு வரும். நடுவில் 8 சதவீத வித்தியாசம். வால்நட் மரம் ஈரம் ஒரு சதவீதம் குறைந்தால் இழைக்குக் குறுக்கே சுமார் 0.2 முதல் 0.27 சதவீதம் வரை சுருங்கும். ஸ்க்ரூ தலைக்கு அடியில் 4 மி.மீ. மரம் இருந்தால் மொத்தச் சுருக்கம் 0.07 மி.மீ. அளவில் வரும். இது ஒன்றுமில்லை போலத் தோன்றும். ஆனால் அரை மி.மீ. புரி இடைவெளி உள்ள சிறு ஸ்க்ரூவில் இது ஏழில் ஒரு சுற்று. இறுக்கிய ஸ்க்ரூவில் தேங்கியிருக்கும் இழுவிசை போக அதுவே போதும். .22 போட்டிப் பிஸ்டல்களில் கையின் வடிவத்துக்குச் செதுக்கிய தடிமனான மரக் கைப்பிடி ஆலன் போல்டில் நிற்கும். அங்கே 20 மி.மீ. மரம் என்றால் சுருக்கம் 0.37 மி.மீ., எம்5 போல்டில் கிட்டத்தட்ட அரைச் சுற்று.

ஊருக்கு ஊர் காலமும் மாறும். கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவமழை அடித்து ஊற்றும், அங்கே மரம் ஆனி, ஆடியில் ஊதி நிற்கும். கோத்தகிரி, குன்னூர், கொடைக்கானல் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில்தான் அதிகம். ஊட்டியில் மார்கழி, தையில் உறைபனி விழும் நாட்களின் பகல் காற்று காய்ந்து கிடக்கும், வீட்டுக்குள் கணப்பு எரிந்தால் இன்னும் காயும். எனவே ‘ஆறு மாதத்துக்கு ஒருமுறை இறுக்குங்கள்’ என்கிற பொதுவான யோசனை இங்கே பொருந்தாது. உங்கள் ஊர் மழை விட்டு ஐந்தாறு வாரம் கழித்துப் பார்ப்பதே சரியான நேரம்.

வெறுமனே இறுக்குவது

செலவில்லாத வழி, தவறாகச் செய்யப்படும் வழியும் இதுதான். டெஸ்டரின் நுனி ஆப்பு மாதிரி சரிந்திருக்கும். ஸ்க்ரூ காடியின் விளிம்பில் மட்டுமே பிடித்து, வழுக்கி, காடியைத் தின்றுவிடும், பலகையிலும் ஒரு கோடு போடும். துப்பாக்கி வேலைக்கான டிரைவரின் நுனி இரு பக்கமும் இணையாக இருக்கும், காடியின் அடிவரை இறங்கி அகலம் முழுக்க நிறையும். அது கிடைக்காவிட்டால் சாதாரண டிரைவர் நுனியை எண்ணெய்க்கல்லில் தேய்த்து அந்தக் காடிக்கு இணையாக்கிக்கொள்ளலாம். கிரைண்டரில் வேண்டாம், நுனி நீலம் பாய்ந்து மிருதுவாகிவிடும்.

இறுக்கும் அளவு 15 இஞ்ச்-பவுண்டு, அதாவது சுமார் 1.7 நியூட்டன் மீட்டர். அதை அளக்கும் டிரைவர் இல்லாதவர்கள் மூன்று விரலால் டிரைவரைப் பிடித்து, மணிக்கட்டு திரும்பாமல், விரல் பலம் நிற்கும் இடத்தில் விட்டுவிடலாம். பழைய கோல்ட் 1903, வெப்ளி ஸ்காட் .32 போன்றவை பலவற்றில் இருப்பது மரமல்ல, கறுப்பான கடின ரப்பர். அது வருடங்கள் போகப்போக நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். அங்கே ஸ்க்ரூ தலை பலகையைத் தொட்டவுடன் நிறுத்த வேண்டும். உள்ளங்கையால் முறுக்கினால் துளையிலிருந்து விளிம்புவரை கோடு விழும். அந்தப் பலகைக்கு மாற்று தேடுவது பெரிய பாடு.

வெறுமனே இறுக்குவதில் இன்னொரு பொறி இருக்கிறது. மாசியில் மரம் சுருங்கியிருக்கும்போது பலமாக இறுக்குகிறீர்கள். ஆடியில் மரம் ஊதுகிறது. ஸ்க்ரூ விட்டுக்கொடுக்காது, எனவே தலைக்கு அடியில் மரநார் நசுங்குகிறது. நசுங்கியது திரும்ப எழாது. அடுத்த மாசியில் ஆட்டம் போன வருடத்தைவிடக் கூடும், நீங்கள் இன்னும் பலமாக இறுக்குவீர்கள். வருடா வருடம் மோசமாகிறது என்று சொல்பவர்களின் பலகையைக் கழற்றினால் துளையைச் சுற்றி ஒரு வட்டப் பள்ளம் இருக்கும். மாசியில் இறுக்குபவர்கள் சொன்ன அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டியது இதனால்தான்.

ஓ-ரிங்

மரம் சுருங்கும் நோய்க்கு எங்கள் கணக்கில் இதுவே முதல் மருந்து. ஸ்க்ரூ தலைக்கு அடியில், துளையின் தட்டையான படியில், நைட்ரைல் ரப்பர் ஓ-ரிங் ஒன்று. கம்பித் தடிமன் 1 மி.மீ. போதும், உள்விட்டம் ஸ்க்ரூ தண்டில் லேசாகப் பிடிக்க வேண்டும். ஆயில் சீல், பேரிங் விற்கும் கடைகளில் கிடைக்கும். ஸ்க்ரூவைக் காகிதத்தில் சுற்றி எடுத்துப்போய் அளவு பார்த்து வாங்குவது நல்லது, பிஸ்டலை எடுத்துப்போக வேண்டிய அவசியமே இல்லை. 1 மி.மீ. ரிங் கால் மி.மீ. நசுங்கி நின்றால், மரம் 0.07 சுருங்கினாலும் 0.15 சுருங்கினாலும் அது எழுந்து அந்த இடத்தை நிரப்பிக்கொள்ளும். ஊதும் காலத்தில் மரத்துக்குப் பதிலாக ரப்பர் நசுங்கும். மேலே சொன்ன வட்டப் பள்ளமும் விழாது.

சாதாரண ரப்பர் வளையம் வேண்டாம். துப்பாக்கி எண்ணெய் பட்டால் ஊதி, பிசுபிசுத்து, பிய்ந்துவிடும். நைட்ரைல் எண்ணெயைத் தாங்கும்.

எங்கே தோற்கும்? கூம்பு மாதிரி சரிந்த தலை உள்ள ஸ்க்ரூவில் ரிங் உட்காராது, பக்கவாட்டில் பிதுங்கிவிடும். ஸ்க்ரூ ஏற்கெனவே குட்டையாக இருந்தால், ரிங் தூக்கிய முக்கால் மி.மீ. காரணமாக மரையில் பிடிப்பு ஒன்றரைப் புரி குறையும். ஸ்க்ரூவைக் கையால் ஏற்றும்போது குறைந்தது நான்கு முழுச் சுற்று போகிறதா என்று எண்ணிப் பாருங்கள், போகவில்லையென்றால் ரிங் வேண்டாம். தடிமனான போட்டிக் கைப்பிடிக்கு ரப்பர் ரிங் போதாது, கிண்ணம் போல வளைந்த டிஸ்க் ஸ்பிரிங் வாஷர் இரண்டை எதிரெதிராக வைத்தால் 0.37 மி.மீ. சுருக்கத்தையும் விழுங்கும். பல்லுள்ள ஸ்டார் வாஷர் உலோகத்துக்கு நல்லது, மரத்தை மென்றுவிடும்.

பலகையைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. சில பெரெட்டா பிஸ்டல்களில் வலப்பக்கப் பலகைக்கு அடியில் டிரிகர் பாரின் மெல்லிய ஸ்பிரிங் இருக்கும், பலகைதான் அதைப் பிடித்திருக்கும். தூக்கினால் தெறித்துப் போகும். வெள்ளைத் துணி விரித்த தட்டின்மேல் வைத்துக் கழற்றுங்கள், தூக்குவதற்கு முன்பும் பின்பும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எஸ்டேட் பங்களாவின் மரத்தரை இடுக்கில் போன ஸ்பிரிங் போனதுதான்.

த்ரெட்லாக்கர்

பசை என்றாலே இதுதான் என்று பலர் நினைக்கிறார்கள். ஸ்க்ரூ தானாகத் திரும்பும் நோய்க்கு இது அருமையான மருந்து. மரம் சுருங்கும் நோய்க்கு ஒன்றும் செய்யாது, ஏனென்றால் அங்கே ஸ்க்ரூ திரும்பவே இல்லை. பசை போட்டபின் இறுக்கவும் கஷ்டம். கோடு போட்டுப் பார்க்கச் சொன்னது இதற்காகத்தான்.

இந்தத் திரவம் காற்று இல்லாத இடத்தில், உலோகத்தைத் தொட்டுக்கொண்டு இருக்கும்போது மட்டும் இறுகும். லாக்டைட்டில் 222 ஊதா நிறம், பலம் குறைவு, சின்ன ஸ்க்ரூக்களுக்கானது. 243 நீலம், நடுத்தரம், லேசான எண்ணெயைத் தாங்கும். 271 போன்ற சிவப்புக்குக் கைப்பிடியில் இடமே இல்லை. அதைக் கழற்ற 250 டிகிரி சூடு வேண்டும், அதற்குள் பலகை கருகிவிடும். நீலம்கூட 3 மி.மீ. ஸ்க்ரூவுக்கு அதிகம்தான், மெல்லிய காடி உள்ள பழைய ஸ்க்ரூ கழற்றும்போது தலை உடையும். கைப்பிடிக்கு ஊதா போதும்.

மரையை ஐசோப்ரொபைல் ஆல்கஹாலால் இரண்டு முறை துடைத்துப் பத்து நிமிடம் காயவிட வேண்டும். மண்ணெண்ணெயில் கழுவினால் எண்ணெய்ப் படலம் மிஞ்சும், பசை பிடிக்காது. குண்டூசி நுனியால் தொட்டு, ஸ்க்ரூவின் கடைசி இரண்டு மூன்று புரிகளில் மட்டும் தடவுங்கள். அரைத் துளிகூட அதிகம். அதிகமாக விட்டால் மறுபக்கம் வழிந்து மேகசின் கேட்ச் பக்கம் போகும். அங்கே மெல்லிய இடுக்கில் உலோகத்துக்கு நடுவே காற்றில்லாமல் மாட்டினால் அதுவும் இறுகிவிடும்.

மலைக்கென்று ஒரு திருத்தம் உண்டு. பாட்டிலில் போட்டிருக்கும் 24 மணி நேரம் என்பது 22 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. மார்கழி ராத்திரியில் ஊட்டி வீட்டுக்குள் 10 டிகிரி இருந்தால் இரண்டு மூன்று நாள் அசைக்காமல் விட வேண்டும். ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூவில் இன்னும் மெதுவாகத்தான் இறுகும். ‘போட்டும் நிற்கவில்லை’ என்ற புகாருக்கு முதலில் சந்தேகிக்க வேண்டியது குளிரையும் எண்ணெயையும்தான், பசையை அல்ல. பிளாஸ்டிக் பலகை என்றால் மிகக் கவனம். இந்தத் திரவம் சிலவகைப் பிளாஸ்டிக்கில் பட்டால், ஏற்கெனவே இழுவிசையில் இருக்கும் துளை ஓரத்தில் மயிரிழை வெடிப்பு கிளம்பும். உடனே தெரியாது, சில நாளில் தெரியும்.

1911 என்ற மாடல் பிஸ்டல் வகையில் இன்னொரு கணக்கு. அதில் கைப்பிடி ஸ்க்ரூ நேராக ஃப்ரேமில் ஏறாது. ஃப்ரேமில் ஒரு சிறு புஷ், புஷ்ஷுக்குள் ஸ்க்ரூ. ஸ்க்ரூவில் நீலப்பசை போட்டு இறுகிவிட்டால், அடுத்த முறை கழற்றும்போது ஸ்க்ரூ வராது, புஷ்ஷையும் சேர்த்துப் பிடுங்கிக்கொண்டு வரும். புஷ் ஏறும் ஃப்ரேம் மரை மிகமிக மெல்லியது, இஞ்சுக்கு 60 புரி. ஒருமுறை சாய்ந்து ஏறினால் போயிற்று. எனவே வரிசை தலைகீழாக இருக்க வேண்டும்: பலமான பிடிப்பு புஷ்ஷின் வெளிமரைக்கு, பலவீனமான பிடிப்பு ஸ்க்ரூவுக்கு. புஷ்ஷைப் பொருத்துவது ரிப்பேர்க்காரர் வேலை, ஸ்க்ரூவுக்கு ஓ-ரிங் மட்டும் போதும்.

கைவைத்தியங்கள்

நகப்பூச்சு அவ்வளவு மோசமில்லை. ஸ்க்ரூ தலை ஓரத்தில் ஒரு பொட்டு வைத்தால் லேசாகப் பிடிக்கும், விரிசல் விட்டால் திரும்பியது தெரியும். அழிக்க அசிட்டோன் எடுத்தால் மரத்தின் மெருகும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து போகும், அதுதான் குறை. ஃபெவிக்விக் நொறுங்கும் பசை, அதிர்வில் உடையும். உடையும்வரை ஸ்க்ரூவைச் சிறை வைக்கும். ஆவி பட்ட இடமெல்லாம் வெள்ளைப் பூஞ்சை பிடித்தது போலாகும், மழைக்காலக் காற்றில் இன்னும் அதிகம். டெஃப்லான் டேப் குழாயில் தண்ணீர் கசியாமல் இருக்கக் கண்டுபிடித்தது. மரையில் அது வழுவழுப்பைத்தான் கூட்டும், ஸ்க்ரூ முன்னைவிட எளிதாகத் திரும்பும். எம்-சீல் பற்றிப் பேசவே வேண்டாம்.

பலகையை மாற்றுவது

துளையைச் சுற்றிப் பள்ளம் விழுந்த பலகை, எண்ணெய் ஊறிக் கறுத்துப் பஞ்சு போலான பலகை, விரிசல் விட்ட பலகை ஆகிய மூன்றையும் இறுக்கிப் பயனில்லை. பாலிமர் பலகை ஈரத்துக்கு மசியாது, வேலை தீர்ந்துவிடும். மரமே வேண்டும் என்பவர்களுக்கு ஈட்டி மரம் வால்நட்டைவிடக் குறைவாகச் சுருங்கும், கூடலூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. உள்பக்கத்துக்கும் துளைக்குள்ளும் மெருகு பூசுவதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். வெளியே மட்டும் பளபளப்பாக இருந்து உள்ளே பச்சை மரமாக இருந்தால் ஈரம் ஒரு பக்கமாக ஏறி இறங்கிப் பலகை வளையும். ஆளிவிதை எண்ணெய் மூன்று மெல்லிய பூச்சு, ஒவ்வொன்றுக்கும் இடையில் முழுதாகக் காயவிட்டு. அது ஈரத்தைத் தடுக்காது, ஏறி இறங்கும் வேகத்தைக் குறைக்கும், அதுவே போதும்.

கம்பெனியின் அசல் பலகை உள்ள பழைய பிஸ்டல் என்றால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். பிற்பாடு விற்கும்போது விலையில் தெரியும்.

மலையிறங்குவது

மரை தேய்ந்தது, புஷ் கழன்றது, ஸ்க்ரூ தலை உடைந்து உள்ளே மாட்டியது என்றால் வேறு வழியில்லை, ரிப்பேர் லைசென்ஸ் உள்ள டீலரிடம்தான் போக வேண்டும். ஊட்டியிலிருந்து கோவை 85 கிலோமீட்டருக்கு மேல், கொடைக்கானல்காரர்களுக்குத் திண்டுக்கல், மதுரைப் பாதை. நீங்களே போக முடியாவிட்டால் ஆயுதச் சட்டத்தின் 3ஆம் பிரிவு ஒரு வழி விட்டிருக்கிறது. ரிப்பேருக்காக, லைசென்ஸ்தாரரின் எழுத்துப்பூர்வ அனுமதியோடு இன்னொருவர் கொண்டுபோகலாம். கடிதத்தில் துப்பாக்கி நம்பர், லைசென்ஸ் நம்பர், எந்தக் கடைக்கு, எந்தத் தேதியில் என்று எல்லாம் இருக்கட்டும், லைசென்ஸும் கூடப் போகட்டும். தோட்டா வேண்டாம். கடையில் நம்பர் எழுதிய ரசீது வாங்காமல் திரும்பக் கூடாது.

என்ன கேட்க வேண்டும் என்பதிலும் கவனம் தேவை. ‘கைப்பிடி ஆடுகிறது, பாருங்கள்’ என்று மட்டும் சொன்னால் நீளமான ஸ்க்ரூவைப் போட்டு இறுக்கிக் கொடுத்துவிடலாம். ‘புஷ்ஷைப் புதிதாகப் போட்டு உள்ளிருந்து விரித்துப் பிடிக்க வைக்க வேண்டும், மேகசின் குழிக்குள் எதுவும் நீட்டக் கூடாது’ என்று எழுதிக் கொடுங்கள். 1911 கைப்பிடி ஸ்க்ரூவின் மரை நம் ஹார்டுவேர் கடை எம்4-ல் சேராத அளவு, விட்டம் 0.150 இஞ்சு, இஞ்சுக்கு 50 புரி. எம்4 தண்டு அதைவிடத் தடிமன், வலுக்கட்டாயமாக ஏற்றினால் புஷ் கெடும். இஷாப்பூர் ரைஃபிள் ஃபேக்டரியின் .32 அஷானி வைத்திருப்பவர்கள் உதிரிபாகம் கேட்டு எழுதும்போது, பழைய கையேட்டில் உள்ள ஆர்டினன்ஸ் ஃபேக்டரி போர்டு 2021 அக்டோபர் 1 முதல் இல்லை என்பதை நினைவில் வைக்க வேண்டும். அந்த ஃபேக்டரி இப்போது அட்வான்ஸ்டு வெப்பன்ஸ் அண்ட் எக்விப்மென்ட் இந்தியா லிமிடெட்டின் கீழ் இருக்கிறது.

கைப்பிடி சாக்கில் மற்ற ஆட்டங்களையும் ஒரு கண் பாருங்கள். ஸ்லைடு ஃப்ரேமின் மேல் லேசாகப் பக்கவாட்டில் ஆடுவது இயல்பு, அந்த இடைவெளி இல்லாவிட்டால் ஓடாது. ஆனால் சேஃப்டி லிவர் தானாக விழுவது, கம்பிப் பின் ஒன்று பாதி வெளியே வந்திருப்பது, மேகசின் பிடிக்காமல் நழுவுவது ஆகியவை தளர்வு என்ற பெயரில் வரும் வேறு நோய்கள். பிஸ்டலைக் காலியாகப் பூட்டி வைத்துவிட்டு நேராக டீலரிடம் போங்கள்.

வைக்கும் இடம்

மேலே சொன்ன எந்த வழியும் பாதி வேலையைத்தான் செய்யும், மீதி பீரோவில் இருக்கிறது. துணி பூஞ்சை பிடிக்காமல் இருக்க அலமாரியில் பல்பு எரியவிடும் மலைப் பழக்கம் துணிக்கு நல்லது. அதே பல்பின் பக்கத்தில் பிஸ்டலை வைத்தால் பல்பின் பக்கம் இருக்கும் பலகை மட்டும் காய்ந்து வளையும். கணப்புக்கு மேலே உள்ள மாடத்திலும் அதே கதை. தோல் உறையிலேயே விட்டு வைத்தால் தோல் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், ஸ்க்ரூ தலையில்தான் முதல் துரு தெரியும். பூட்டிய இரும்புப் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல் 200 கிராம், நிறம் மாறினால் 120 டிகிரி அவனில் இரண்டு மணி நேரம் வைத்து எடுத்துத் திரும்பப் போடுவது. இதைச் செய்பவர்களின் கைப்பிடியில் வருடத்துக்கு ஆடும் ஈர வித்தியாசம் பாதியாவது குறையும். தேர்தல் சமயத்தில் துப்பாக்கியை ஒப்படைக்கச் சொன்னால், அது எந்த அறையில் எத்தனை வாரம் கிடக்கும் என்பது உங்கள் கையில் இல்லை. ஒப்படைக்கும் முன் உலோகத்துக்கு எண்ணெய் பூசி, கைப்பிடி ஸ்க்ரூவைக் கால் சுற்று தளர்த்திக் கொடுங்கள். ஈர அறையில் மரம் ஊதினாலும் நசுங்காது.

பின்சைட் ஆடினால்

இங்கே கணக்கே வேறு. முன்சைட்டுக்கும் பின்சைட்டுக்கும் இடையே 130 மி.மீ. உள்ள பிஸ்டலில் பின்சைட் 0.2 மி.மீ. நகர்ந்தால் 15 மீட்டரில் குண்டு 23 மி.மீ. தள்ளிப் போகும். 220 மி.மீ. உள்ள போட்டிப் பிஸ்டலில் 25 மீட்டருக்கும் ஏறக்குறைய அதே அளவுதான். 25 மீட்டர் பிரிசிஷன் இலக்கின் பத்து வளையத்துக்கு விட்டம் 50 மி.மீ. அப்படியென்றால் கண்ணுக்குத் தெரியாத ஆட்டமே நடுவிலிருந்து பத்தின் விளிம்புவரை கொண்டுபோய்விடும்.

சைட்டில் 1.5 மி.மீ. ஆலன் கீ போகும் சிறு ஸ்க்ரூ இருந்து அது தளர்ந்திருந்தால், சைட்டை நடுவில் வைத்து, ஊதா பசை தொட்டு இறுக்கினால் முடிந்தது. ஸ்க்ரூ இல்லாமல், அடி அகன்று வாய் குறுகிய டவ்டெயில் காடியில் இறுக்கத்தால் மட்டும் நிற்கும் சைட் தளர்ந்தால் மூன்று வழி. காடியின் அடியில் 0.05 மி.மீ. பித்தளைத் தகடு வைத்து ஏற்றுவது சுத்தமானது, வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். காடியின் தரையில் சென்டர் பஞ்சால் புள்ளிகள் அடித்து உலோகத்தை எழுப்புவது பழைய முறை. நிற்கும், ஆனால் ஸ்லைடில் நிரந்தரக் காயம், ஒவ்வொரு முறை சைட்டை நகர்த்தும்போதும் புள்ளி மழுங்கி மறுபடி தளரும். இடுக்கில் தானாக ஊறிப் போகும் பச்சைப் பசை 290 மூன்றாவது. ஆட்டம் மயிரிழை அளவு என்றால் மட்டும் அது வேலை செய்யும். நாங்கள் பித்தளைத் தகட்டைத்தான் கேட்போம், கேட்பதும் டீலரிடம்தான். இரும்புச் சுத்தியும் ஆணியும் கொண்டு வீட்டில் தட்டினால் சைட்டின் பக்கவாட்டில் தழும்பு மட்டும் மிஞ்சும்.

வேலை முடிந்து வந்ததும் சைட்டிலிருந்து ஸ்லைடுவரை அதே வெள்ளைக் கோட்டை இழுத்துவிட்டு, கிளப்பில் ஐந்தைந்து குண்டாக மூன்று தடவை சுடுங்கள். கோடு முறியாமல் குண்டுகள் மொத்தமாகப் பக்கவாட்டில் தள்ளி விழுந்தால் சைட்டை நடுவில் வைக்கவில்லை என்று அர்த்தம். குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின்சைட்டை நகர்த்தச் சொல்லுங்கள். கோடு முறிந்திருந்தால் தகடு போதவில்லை.